நாலு நிமிடத்துக்கு ஒரு மலை

*தென்காசிக்கு வேன் ஏறி வரும் ‘சன்ரைஸ்’ கூட்டம்... குற்றால மலை யாருக்கு, எப்போது, எதுவரை திறக்கும்?*

சனிக்கிழமை, அதிகாலை நாலரை மணி. ஜூலை மாதச் சாரல் பொடிப்பொடியாக விழுகிறது. பேரருவியின் ஆண்கள் பக்கத்தில், ஃபிளட் லைட் வெளிச்சத்தில் ஒரு பெருங்கூட்டம் தலையைக் கொடுத்து நிற்கிறது. நின்ற இடத்தை விட்டு நகராதவர்களைப் பார்த்துக் காவலர் விசில் ஊதுகிறார். சிப்ஸ் கடையில் நேந்திரங்காய் அதற்குள் எண்ணெயில் இறங்கிவிட்டது. உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் வழிய, துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நாலைந்து பேர் அருவியை நோக்கி நடக்கிறார்கள்.

டீக்கடை ஓரமாக ஒரு வேன் வந்து நிற்கிறது. ஜெர்கினும் தோள்பையுமாக இறங்கும் இளைஞர் கூட்டம் அருவியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“அண்ணே, சன்ரைஸ் பாயின்ட்டுக்கு எப்படிப் போகணும்?”

“எந்த பாயின்ட் தம்பி?”

மொபைல் நீட்டப்படுகிறது. ரீலில், பாறை நுனியில் ஒருவர் கைகளை விரித்து நிற்கிறார். காலடியில் மேகம். மூலையில் ‘குற்றாலம், ஹிடன் ஸ்பாட்’ என்று எழுத்து. டீ மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்க்கிறார். “மேல தேனருவிப் பக்கம் மாதிரி தெரியுது. அங்கல்லாம் விட மாட்டாவ. அதுவும் போக, இந்தச் சாரல்ல எந்தச் சூரியன் வரும்?”

சீசன் மாதங்களில் எந்த வார இறுதியிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். இத்தனை காலம் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: அருவியில் தண்ணீர் விழுகிறதா? இப்போது இரண்டாவது கேள்வி சேர்ந்திருக்கிறது. மலையேறிச் சூரியோதயம் பார்க்க முடியுமா?

36 மணி நேரக் குற்றாலம்

ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் குடியிருந்த காலத்தில், அவரைத் தேடி வந்த ராஜாஜி, கல்கி போன்றவர்களுக்கு அருவியும் பேச்சும் விருந்துமே ஊரின் பெருமை. சீசனுக்கு வந்தால் வாரக்கணக்கில் தங்குகிற குடும்பங்கள் அப்போது நிறைய. இன்றைய பயணி வெள்ளி இரவு கிளம்பி, திங்கள் காலை அலுவலகத்தில் இருந்தாக வேண்டியவர். நடுவில் கிடைக்கும் 36 மணி நேரத்தில் ஒரு அருவி, பிரானூர் பார்டரில் ஒரு பரோட்டா, ஒரு மலை உச்சி, ஒரு வீடியோ.

கொழுக்குமலைக்கு விடியற்காலை ஜீப்பில் போய்ச் சூரியனைப் பார்ப்பது ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. வெள்ளியங்கிரியில் இரவெல்லாம் ஏறி ஏழாவது மலையில் விடியலைப் பிடிப்பது இளைஞர்களிடையே பந்தயம் போல ஆகிவிட்டது. 2024-ல் அங்கே மூச்சுத் திணறலாலும் மாரடைப்பாலும் பலர் இறந்தார்கள். இதய நோய் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை திரும்பத் திரும்பச் சொல்லியும் கூட்டம் குறையவில்லை. 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமான தென்காசிக்கும் அந்த அலை வந்து சேர்ந்திருக்கிறது. வரட்டும். ஆனால், இந்த மலையின் கணக்கு வேறு.

கிழக்கே மலை இல்லை

மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் எழும் காட்சி இங்கே கிடையாது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் மலை மேற்கே இருக்கிறது. ஆகவே அஸ்தமனம்தான் சீக்கிரம். சாயங்காலம் மலை சூரியனை விழுங்கிவிடும். கிழக்கே தடுப்பதற்கு ஒன்றுமில்லை. வயல், குளம், காற்றாலை, தென்காசி காசி விசுவநாதர் கோயில் கோபுரம், அப்புறம் வானம். சூரியன் சமவெளியிலிருந்து எழுகிறது. அதைப் பார்க்கக் கண்மண் தெரியாத இருட்டில் காட்டுக்குள் ஏற வேண்டிய அவசியம் என்ன?

உயரம் போனால் சூரியன் சீக்கிரம் தெரியும் என்பது உண்மை. எவ்வளவு சீக்கிரம்? ஆயிரம் மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கு அடிவானம் ஏறத்தாழ ஒரு பாகை கீழே இறங்கித் தெரியும். பூமி ஒரு பாகை சுழல நாலு நிமிடம். ஆக, மூன்று மணி நேரம் மூச்சிரைக்க ஏறினால், கீழே குளத்துக்கரையில் துண்டு விரித்து உட்கார்ந்திருப்பவரைவிட நாலு நிமிடம் முந்திச் சூரியனைப் பார்க்கலாம்.

■ பெட்டி: தென்காசியில் விடியல்

இந்தியாவின் பொது நேரம் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணிக்கப்படுகிறது. தென்காசி இருப்பது ஏறத்தாழ 77.3-ல். இதனால் கடிகாரத்தைவிடச் சூரியன் இங்கே சுமார் 20 நிமிடம் பின்தங்கியே வரும்.

மே மாதக் கடைசியில் சூரியோதயம் காலை 6 மணியை ஒட்டி. ஜனவரிக் கடைசியில் 6.40-ஐத் தாண்டிவிடும்.

தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து சாரலாக விழுவது ஜூன் முதல் செப்டம்பர் வரை. மலை முகடு பெரும்பாலும் மேகத்துக்குள்தான்.

சூரியன் தெரியும் மாதம், தீ பிடிக்கும் மாதம்

டீ மாஸ்டர் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. குற்றாலம் களைகட்டும் மாதங்களில் சூரியன் களைகட்டாது. அருவியைக் கொண்டுவரும் அதே மேகம் விடியலை மறைத்துவிடுகிறது. இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க நினைப்பவர் ஒன்றில் ஏமாந்தே தீர வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. காட்டாற்று வெள்ளத்துக்குப் பேர் போன காலம். ஜனவரியில்தான் வானம் துடைத்த மாதிரி இருக்கும். அப்போது அருவியில் நூல் போலத் தண்ணீர் விழும், லாட்ஜ் வாடகையும் இறங்கியிருக்கும். சூரியனுக்காகவே வருகிறவர்களுக்கு அதுதான் சீசன்.

அந்தச் சீசனும் நீளம் கிடையாது. பிப்ரவரி நடுவில் புல் காய்ந்துவிடும். அதிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை காட்டுத்தீ காலம் என்று மலையேற்றப் பாதைகளை வனத்துறை மூடி வைக்கிறது. ஏன் என்று கேட்பவர்களுக்குத் தேனி மாவட்டம் குரங்கணிதான் பதில். 2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைச் சுற்றிப் புல்வெளி பற்றிக்கொண்டது. காற்று வீசிய திசையில் தீ ஓடியது. திசை தெரியாமல் மனிதர்கள் ஓடினார்கள். அங்கேயே இறந்தவர்களும் பின்னர் மருத்துவமனைகளில் இறந்தவர்களுமாக 20-க்கும் மேற்பட்டோர். வந்திருந்தவர்களில் பலர் சென்னையிலும் கொங்குப் பகுதியிலும் வேலை பார்த்தவர்கள். அவர்களுக்கும் அது ஒரு வார இறுதிப் பயணம்தான்.

அந்தத் தீக்குப் பிறகுதான் அதே ஆண்டில் மலையேற்றத்தை முறைப்படுத்த தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. முன்பு ரேஞ்சரைத் தெரிந்தவருக்கு ஒரு சட்டம், தெரியாதவருக்கு ஒரு சட்டம் என்று ஓடிக்கொண்டிருந்தது. 2024 அக்டோபர் 24 அன்று ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் தொடங்கப்பட்டபோது 14 மாவட்டங்களில் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. தென்காசி மாவட்டத்துக்கு இரண்டு கிடைத்தன: ஒன்று குற்றாலம் – செண்பகாதேவி அருவி, மற்றொன்று தீர்த்தப்பாறை.

■ பெட்டி: போகும் முன்...

‘ட்ரெக் தமிழ்நாடு’ பாதைகளுக்கு ஆன்லைனில் முன்பதிவு கட்டாயம். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி உடன் வருவார். சிறுவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். பிளாஸ்டிக், மது, சிகரெட் கூடாது.

நடை முழுவதும் பகலில்தான். இருட்டில் ஏறிச் சூரியோதயம் பார்க்கும் ஏற்பாடு குற்றால மலையில் கிடையாது.

செண்பகாதேவிக்கு மேலே உள்ள தேனருவிக்குப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை.

அந்த நேரம் யாருடையது?

“பகலில் விடுகிறவர்கள் விடியற்காலையில் விட்டால் என்ன?” என்று கேட்பவர்கள் வடகரை, மேக்கரை, பண்பொழிப் பக்கத்து விவசாயிகளிடம் ஒரு ராத்திரி இருந்து பார்க்கலாம். தென்னை, வாழை, மா, நெல் என்று மலையடிவாரம் முழுக்கத் தோப்பும் வயலும். இருட்டியதும் யானைகள் இறங்கும். குருத்துக்காகத் தென்னங்கன்றைப் பிடுங்கிப் போடும். வாழைத் தோட்டத்தை மிதித்துத் துவைக்கும். வெடி போட்டு, தகரம் தட்டி, டார்ச் அடித்து விரட்டுவார்கள். பொழுது புலரும் முன் அந்த யானைகள் வந்த வழியே காட்டுக்குத் திரும்பும்.

சன்ரைஸ் கூட்டம் மேலே ஏறும் நேரமும், ராத்திரி முழுக்க விரட்டப்பட்டுக் கோபத்தில் இருக்கும் யானை திரும்பும் நேரமும் ஒன்றுதான். பாதையும் பல இடங்களில் ஒன்றுதான். அடிவாரத்துக்காரர்கள் விடிகாலையில் ஓடைப் பக்கம் தனியாகப் போக யோசிப்பது பயந்தாங்கொள்ளித்தனத்தால் அல்ல.

கரடி இன்னொரு கதை. 2022 நவம்பரில் கடையம் அருகே, பைக்கில் மசாலாப் பொருட்கள் விற்கப் போனவரைக் கரடி மறித்துக் கடித்துக் குதறியது. காப்பாற்ற ஓடிய இருவரும் தப்பவில்லை, மூவருக்கும் படுகாயம். மயக்க ஊசி போட்டுப் பிடிக்கப்பட்ட அந்தக் கரடியும் பிறகு இறந்துவிட்டது. நடந்தது அடர்காட்டில் அல்ல, ஊரை ஒட்டிய பாதையில். கடையத்துக்கு மேற்கே களக்காடு – முண்டந்துறை புலிகள் காப்பகம் இருக்கிறது. 1988 முதல் காப்பகமாக இருக்கும் காடு. வடக்கே 2015-ல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்குச் சரணாலயம். இந்தக் காடுகளில் அனுமதியின்றி நுழைவது வனச் சட்டப்படி குற்றம். அபராதம் கட்டிவிட்டு, அதையும் ரீலாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

மேலே பெய்யும், கீழே தெரியாது

2024 மே 17. சீசன் இன்னும் தொடங்கவில்லை. கோடைமழையில் பழைய குற்றால அருவியில் தண்ணீர் வந்திருந்தது. குடும்பம் குடும்பமாகக் குளித்துக்கொண்டிருந்தார்கள். மலைக்கு மேலே கொட்டிய மழை அருவிக்கு வந்து சேர அதிக நேரம் ஆகவில்லை. சில நிமிடங்களில் வெள்ளம் படிக்கட்டில் புரண்டு, ஜனங்கள் தலைதெறிக்க ஓடிய அந்த வீடியோவைத் தமிழ்நாடே பார்த்தது. 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான்.

வெள்ளம் அத்தனை வேகமாக வரக் காரணம் மலையின் வாகு. பாறைச் சரிவு, ஓடைகளோ குட்டையானவை. மேலே கருமேகம் நிற்பதை மலைமுகடு மறைத்துவிடும். பேரருவியில் நடுவழியில் பொங்குமாங்கடல் என்ற ஆழமான பாறைக் குழி இருக்கிறது. விழுகிற தண்ணீர் அதில் விழுந்து, நிரம்பி, வேகம் தணிந்து கீழே வருகிறது. கீழே பாதுகாப்பு வளைவு இருக்கிறது. வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் குளிக்கத் தடை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். செண்பகாதேவிக்கு மேலே ஓடைப் படுகையில் நிற்பவருக்கு வளைவும் இல்லை, விசிலும் இல்லை. இரவில் ஏறுபவருக்குத் தண்ணீர் நிறம் மாறுவதுகூடத் தெரியாது. இலை, சருகு, செம்மண் கலங்கி வந்தால் வெள்ளம் பின்னால் வருகிறது என்று பொருள். விருதுநகர் மாவட்டம் சதுரகிரியிலும் 2015 மே மாதத்தில் அமாவாசைக்குப் போன பக்தர்களைக் காட்டாறு இப்படித்தான் அடித்துக்கொண்டு போனது.

யாராவது மேலே மாட்டிக்கொண்டால் ஏறப்போவது யார்? வேட்டைத் தடுப்புக் காவலர்களும் தீயணைப்புத் துறையினரும். ஏற்கெனவே தோப்பில் யானை விரட்டிவிட்டு வந்து கண்ணயர்ந்தவர்களை எழுப்பித்தான் அனுப்புகிறார்கள். கூடவே, வழி தெரியும் என்பதால் அடிவார ஊர்க்காரர்கள். மாவட்டத்தின் வடபகுதி அடிவாரத்தில், வாசுதேவநல்லூர் தலையணை போன்ற இடங்களில் வாழும் பளியர்களுக்குத் தேன் எடுத்தும் கிழங்கு தோண்டியும் காடு மனப்பாடம். மலையேற்றத் திட்டம் உருப்பட வேண்டும் என்றால் அந்த அறிவுக்குச் சம்பளம் போக வேண்டும். வழிகாட்டி என்ற வேலையின் முழு அர்த்தமும் அதுதான். ஆன்லைன் கட்டணத்தைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இதையும் சேர்த்து யோசிக்கலாம்.

உச்சி கிடைக்காவிட்டால் போலி உச்சி

தடை இருக்கும் இடத்தில் வியாபாரம் முளைக்கும். குண்டாறு, மேக்கரைப் பக்கங்களில் ஓடைத் தண்ணீரைத் திருப்பி ரிசார்ட்டுக்குள் ‘தனியார் அருவி’ கட்டிய கதை ஊரறிந்தது. 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தலையிட்டு, இயற்கை நீரோட்டத்தைத் திருப்பி உண்டாக்கிய செயற்கை அருவிகளை மூட உத்தரவிட்டது. அருவியைச் செயற்கையாகக் கட்டியவர்களுக்குச் சூரியோதயத்தைக் கட்டுவது பெரிய காரியமல்ல. தோப்புக்கு நடுவே ஒரு மேட்டை வெட்டிச் சமன் செய்து, கம்பி வேலி போட்டு, ‘வியூ பாயின்ட்’ என்று பலகை நட்டால் போதும். யானை வழக்கமாக இறங்கும் பாதையை அது மறித்தால், அந்த யானை பக்கத்துத் தோப்புக்குத் திரும்பும். பலகை நட்டவருக்கு வருமானம், பக்கத்துத் தோப்புக்காரருக்கு நஷ்டம். இன்று கேட்க ஆளில்லை என்று விட்டால், அருவிக்கு ஆனது போல இதற்கும் பத்து வருடம் கழித்து நீதிமன்றம்தான் வர வேண்டியிருக்கும்.

ஊர்க்காரர்கள் எங்கே பார்க்கிறார்கள்?

தென்காசிக்காரர்கள் விடியல் பார்க்காதவர்கள் அல்ல. காட்டுக்குள் போகாமல் பார்க்கிறார்கள்.

தென்காசி – கடையம் சாலையில் தோரணமலை. படிகள் ஏறினால் உச்சியில் குகைக்குள் முருகன், பாறையெங்கும் சுனைகள். அகத்தியரும் தேரையரும் மருத்துவம் நடத்திய இடம் என்பது நம்பிக்கை. படியில் பாதி ஏறித் திரும்பினாலே கிழக்குப் பக்கம் திறந்துவிடும். மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்தில் 1918 முதல் 1920 வரை இருந்த பாரதியார் இந்த மலைத்தொடரைப் பார்த்துக்கொண்டேதான் வாழ்ந்திருக்க வேண்டும்.

செங்கோட்டைப் பக்கம் என்றால் பண்பொழி திருமலைக்கோயில். நூற்றுக்கணக்கான படிகள், முடியாதவர்களுக்கு உச்சி வரை தார்ச்சாலை. மேற்கே மலை சுவராக நிற்கும். கிழக்கே குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளுக்கும். முழங்கால் வலிக்காரரும் பேரப்பிள்ளையும் ஒரே காரில் போய்ப் பார்க்கக்கூடிய சூரியோதயம் இந்தப் பக்கத்தில் இதுதான். இரண்டுமே கோயில்கள் என்பதால் நடை திறப்பு நேரத்தையும், அடிவாரத்தில் யானை நடமாட்டம் இருக்கிறதா என்பதையும் முதல் நாளே விசாரித்துக்கொள்வது நல்லது. ஜீன்ஸ் போட்டுப் பாறையில் ஏறிக் குதிக்கிற ஜோலி அங்கே வேண்டாம்.

படியும் வேண்டாம் என்பவர்களுக்கு, சுந்தரபாண்டியபுரம் வயல்வெளியோ இலஞ்சிப் பக்கத்துக் குளத்துக்கரையோ போதும். அங்கே நின்றால் ஒரு சங்கதி புரியும். சூரியன் எழும்போது வேடிக்கை கிழக்கில் மட்டும் நடப்பதில்லை. சூரியனுக்கு முதுகைக் காட்டி மேற்கே திரும்ப வேண்டும். முதலில் முகட்டில் மட்டும் செம்மை ஏறும். அப்புறம் பாறை, அப்புறம் சோலை, அதற்கும் பிறகு அடிவாரத் தென்னந்தோப்பு என்று வெளிச்சம் மேலிருந்து கீழே இறங்கும். மழைக்கு மறுநாள் என்றால் பாறை இடுக்குகளில் ஓடைகள் வெள்ளிக் கம்பியாகப் பளிச்சிடும். மலை மேல் ஏறி நிற்பவருக்கு மலை தெரியாது. மலையில் விழும் விடியலைப் பார்க்கக் கீழேதான் நிற்க வேண்டும். சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் வருகிறவர்களுக்கு இது டிக்கெட்டோடு இலவசம். ராஜபாளையம், சங்கரன்கோவில் பக்கம் வரும்போது கண் விழித்திருந்தால் ஒரு ஜன்னலில் சூரியன், எதிர் ஜன்னலில் மலை. பாதிப்பேர் அந்த நேரத்தில் போர்வைக்குள் இருப்பார்கள்.

ஒரு பஸ் போதும்

இரவில் காட்டைப் பூட்டி வைக்கும் வனத்துறையின் முடிவில் தவறு காண முடியவில்லை. யானைக்கும் ஓடைக்கும் தீக்கும் நேர்ந்து விட்ட இடத்தில் செல்ஃபி ஸ்டிக்கோடு போய் நிற்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால், ‘அனுமதி இல்லை’ என்ற பலகையோடு நிர்வாகத்தின் வேலை முடிந்துவிடுமா? நாலரை மணிக்கு டீக்கடையில் இறங்கும் அந்த வேன் கூட்டத்துக்குப் போக ஒரு இடம் காட்ட வேண்டாமா? காட்டாவிட்டால் ரீலில் வரும் தெரியாத ஆள் காட்டுவார். அவர் காட்டுவது தேனருவிக்கு மேலே.

பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி நடு வரையிலான சனி, ஞாயிறுகளில் திருமலைக்கோயிலை விடியல் பார்க்கும் இடமாக அறிவிக்கலாம். கோயில் அறநிலையத்துறையிடம் இருக்கிறது, சாலை இருக்கிறது, கைப்பிடிச் சுவர் இருக்கிறது. அடிவாரத்தில் அன்றைய யானை நிலவரம் சொல்ல வனத்துறையிலிருந்து ஒரு ஆள். காலி பாட்டிலை வாங்கிக்கொள்ள ஒரு கவுன்டர். தென்காசி பேருந்து நிலையத்திலிருந்து அதிகாலை நாலே முக்காலுக்குப் பண்பொழி வழியாக ஒரு அரசுப் பேருந்து. இந்த மூன்றையும் அடுத்த ஜனவரிக்குள் செய்து முடிக்க மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரே ஒரு கூட்டம் போதும்.